நீலக் கவர் நல்லதுதான், கத்திரிக்கோலை என்ன செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தில் ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும்) மாத்திரைகளை அடையாளம் தெரிய நீலக் கவரில் போட்டுக் கொடுப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நான் கம்பத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். குமுளி ரோடும் கம்பம்மெட்டு ரோடும் எங்கள் ஊரில்தான் வந்து இறங்குகின்றன. அதனால் மலைக்கு மேலே கேரளத்தில் ஒரு கெடுபிடி வந்தால் கீழே எங்கள் கவுண்டரில் தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று சோதனையைத் தொடங்கியது. அதற்கப்புறம், “சேச்சி, அங்கே சீட்டு இல்லாம தரமாட்டேங்கிறாங்க, இங்கே கிடைக்குமா?” என்று கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

சட்டம் மலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இல்லை. செஃபிக்ஸிம், லிவோஃப்ளாக்ஸசின் போன்றவை எச்1 அட்டவணையில், அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல் இது நாடு முழுவதற்கும் பொருந்தும். யார் எழுதிக் கொடுத்தது, யாருக்கு, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினுக்கும் அசித்ரோமைசினுக்கும் அந்தப் பதிவேடு இல்லை, ஆனால் சீட்டு வேண்டும். இதெல்லாம் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கவரின் நிறத்தைவிட எனக்குப் பெரிய கவலை கத்திரிக்கோல். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிறவர்கள் முந்தின நாள் இரவு கடை மூடும் நேரத்தில் வருவார்கள். “அக்கா, ஒரு செட் மாத்திரை குடுங்க, காலையில காய் எடுக்கப் போகணும்.” செட் என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். இரண்டு வேளைக்கு வெட்டிப் போடுவது பல கடைகளில் வழக்கம். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொன்றில் போகும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்று எச்சரிக்கத்தான் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வாங்கியவர் கையில் இருப்பது பாதி எழுத்து உள்ள ஒரு துண்டு. அடுத்த தடவை அந்தக் காலித் துண்டையே கொண்டு வந்து நீட்டி, “இதுதான் கேட்டுச்சு, இதையே குடுங்க. முடிஞ்சா பவர் கூடினது குடுங்க” என்பார்கள்.

பவர் கூடியது, குறைந்தது என்று இதில் வரிசை கிடையாது. ஒவ்வொரு வகையும் கிருமியை ஒவ்வோர் இடத்தில் பிடிக்கிறது. அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் எல்லாம் கிருமியின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் செய்பவை. கலவை போடும் கொத்தனாரையே பிடித்து வைத்துக்கொண்டால் சுவர் எப்படி நிற்கும்? மனித செல்லுக்கு அப்படி ஒரு சுவர் இல்லாததால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறல் வரை போகலாம். அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் சுவரைத் தொடுவதில்லை, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் இடத்தில் தடை போடுகின்றன. சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்ஸசின்), லிவோ (லிவோஃப்ளாக்ஸசின்) வகை கிருமியின் டிஎன்ஏ நகலெடுப்பை நிறுத்துகிறது. குதிகால் தசைநாரில் வலி, சில சமயம் கிழிசல்கூட இந்த வகையால் வரலாம். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் கொடுக்கலாமா? நாள்பட்ட இருமலுக்கு லிவோ வாங்கிப் போட்டால் காசநோய் சில வாரம் அடங்கியது போல இருந்து, சளிப் பரிசோதனையில் தப்பிவிடவும் கூடும்.

தோட்டத்து ஆட்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது. அமாக்சிசிலினும் செஃபிக்ஸிமும் எத்தனை போட்டாலும் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணியாக இருந்தால் டாக்டர் அசித்ரோமைசின் எழுதுவார். ஆக, விலை கூடிய செஃபிக்ஸிம் செட்டை மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சல் விடவில்லையே என்று காத்திருக்கும் நேரத்தில் நோய் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடலாம்.

அந்த டாக்சிசைக்ளினையும் முறையாகச் சாப்பிட வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தங்குகிறவர்கள் படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் தோலும் சீக்கிரம் கறுத்துப் பொசுங்கும். இன்னொன்று, இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் நிறையப் பேர். டாக்சிசைக்ளினோ சிப்ரோவோ இரும்போடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரி மருந்தோடும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கை முதலில் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மற்றதைப் போடலாம்.

நாள் கணக்கிலும் குழப்பம் இருக்கிறது. அசித்ரோமைசினைப் பல நேரம் மூன்று நாளுக்குத்தான் எழுதுவார்கள். அது திசுக்களில் பல நாள் தங்கி வேலை செய்யும். அதைப் பார்த்துவிட்டு எல்லாமே மூன்று நாள்தான் என்று முடிவு செய்துகொள்கிறார்கள். டைஃபாய்டுக்கு எழுதிய செஃபிக்ஸிமை மூன்றாம் நாளில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வரலாம். மிச்சமான மாத்திரை டப்பாவில் கிடந்து, அடுத்த மாதம் பிள்ளையின் சளிக்குப் போகும். சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு இந்த மாத்திரைகளில் எதுவும் வேலை செய்யாது.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாக எடுக்க வேண்டியவை, கடைசிக்கு வைத்திருக்க வேண்டியவை என்று பிரித்தது. அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் முதல் பிரிவு. அசித்ரோ, செஃபிக்ஸிம், சிப்ரோ, லிவோ எல்லாம் இரண்டாவது. எங்கள் அலமாரியில் சீக்கிரம் காலியாவது அந்த இரண்டாவது பிரிவுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஆன்டிபயாடிக் அட்டையை வெட்டினால் பெயர் உள்ள பக்கத்தைத்தான் தர வேண்டும். அது முடியாவிட்டால் கவர் மேல் பெயர், எத்தனை நாள், எதோடு சேர்க்கக் கூடாது என்று தமிழிலும் எல்லையோரக் கடைகளில் மலையாளத்திலும் எழுத வேண்டும். கவர் நீலமோ வெள்ளையோ, எழுத்து இருந்தால் போதும். குமுளியில் சோதனை நடக்கும் வாரத்திலேயே எங்கள் பக்கத்து அதிகாரிகளும் இங்கே வந்தால் சீட்டில்லாமல் இறங்கி வருகிறவர்கள் குறைவார்கள்.

சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரும். ஆனால் விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவருக்குக் காலை ஓபி எதற்கு? ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. காய் எடுப்பு நடக்கும் மாதங்களிலாவது கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு எட்டு மணி வரை ஒரு டாக்டர் இருக்கும்படி மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கம்பம், தேனி மாவட்டம்.