பின் சீற்றுக்கடியில் இருக்கிற பெட்டி

அன்பு மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறையவில்லை, மற்றபடி தன் பாட்டில் இருக்கிறா. நீ அனுப்பிய தைலம் கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று தங்கச்சியிடம் குறை சொன்னாயாம். நேரே எனக்கு ஏசியிருக்கலாமே, அவளுக்கு ஏன் வீண் தலையிடி? ஏசுகிறதென்றால் முதலில் எங்கள் கூட்டாளி சோடாப்புட்டிக்கு ஏசு. உன் கலியாணத்துக்கு என்ன வாழ்த்து அனுப்பலாம் என்று அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

உன் மகன், பற்றரியும் எஞ்சினும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார் வடிவமைக்கிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று தங்கச்சி சொன்ன அன்று, எங்கள் வாடகைக் கார் ஸ்ராண்டில் நின்ற எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். இங்கே வந்து நின்றபோது என் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட வராமல் நின்ற பெடியன் அல்லவா. அவனுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று சாக்குச் சொல்லாதே, அது உன் குற்றம்.

போன கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு ஹயர். வயதான ஒரு சோடி, மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பிரான்சுக்குப் போகிறார்கள். புளியங்குளம் தாண்டவில்லை, உச்சி வெயில். முதலில் பின் சீற்றுக்கடியில் இருக்கிற ஹைபிரிட் பற்றரியின் விசிறிச் சத்தம் கூடியது. பிறகு டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம். இழுவை போய்விட்டது. ஓரமாக நிறுத்தினேன், நிறுத்தின பிறகு, கார் ஓடத் தயார் என்று காட்டுகிற 'ரெடி' விளக்கு வரவேயில்லை. அந்த அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பிளேன் விட்டிடுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. வவுனியாவிலிருந்து வெறுங்காராகத் திரும்பிவந்த எங்கள் ஸ்ராண்டு வாத்தி, ஒரு சொல்லும் கேட்காமல் காரைத் திருப்பி அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். காசும் என் கணக்கில்தான் போட்டான். வாத்தி இப்படித்தான் என்று உனக்குத் தெரியும்தானே.

என் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கராஜில் பின் சீற்றைக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். சீற்றின் ஓரத்தில் இருக்கிற காற்றுத் துவாரத்தின் வலையை நான் அடிக்கடி துடைக்கிறேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு உள்ளே, கையே போகாத இடத்தில் விசிறி. அதன் தகடுகளுக்கு இடையில் சீற்றுத் துணியின் நூல், தலைமயிர், வன்னிச் செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளிபோல அடைத்திருந்தது. தகடு எது, அழுக்கு எது என்று தெரியவில்லை. கராஜ் தம்பி ஸ்குரூட்றைவரால் கிண்டி எடுத்து ஒரு பேப்பரில் போட்டான். ஒரு கை நிறைய வந்தது.

மகனுக்குத் தெரியாத விஷயமல்ல, ஆனாலும் சொல்கிறேன். நிக்கல் பற்றரி சூட்டில்தான் கெடும். எங்கள் கார்களில் அதற்குத் தனிக் குளிரூட்டி இல்லை. உள்ளே ஏசி தருகிற காற்றையே அந்தச் சின்ன விசிறி இழுத்துப் பற்றரிக்கு அனுப்புகிறது. அந்தப் பற்றரிப் பெட்டிக்குள் மொடியூல் என்கிற சின்னப் பற்றரிகள் ஒன்றோடொன்று தொடராக நிற்கின்றன. ஒன்று பலமிழந்தால் முழுப் பெட்டியும் முடங்கிவிடும். கராஜ் தம்பி லப்டொப்பைக் கொழுவிக் காட்டியபோது, ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றும் வரிசையாக வந்தது. நடுவில் ஒன்று மட்டும் அழுத்தம் கொடுக்கிறபோதெல்லாம் சடாரென்று விழுந்தது. அந்த இலக்கங்கள் எல்லாம் காருக்குத் தெரிந்திருக்கின்றன, மச்சான். எனக்குக் காட்டினதோ சார்ஜ் எத்தனை கோடு என்பது மட்டும்தான். காலையில் வீட்டு வாசலில் வைத்தே சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தியிருக்கமாட்டேன்.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். பற்றரியின் உடல்நிலையை ஓட்டுகிறவனுக்குக் காட்டுங்கள். சிவப்பு முக்கோணத்துக்குப் பல மாதம் முன்னமே, "இந்தத் தொகுதி பலமிழக்கிறது" என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். விசிறியின் வடிகட்டியை சீற்றைக் கழற்றாமல் கையால் இழுத்தெடுக்கக்கூடியதாகச் செய்யட்டும். ஏசியின் வடிகட்டியை டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து நானே மாற்றுகிறேன், இதற்கு மட்டும் ஏன் அரை நாள் வேலை? சில புதிய மாடல்களில் பற்றரியின் குளிரூட்டும் பகுதியைச் சுத்தம் செய் என்று அறிவித்தல் வருகிறது. அது எல்லாக் காரிலும் வரவேண்டும். துவாரத்தையும் சீற்றின் அடியில் வைக்கவேண்டாம். பின்னால் இருக்கிறவர்கள் பையை அதன் மேல்தான் சாய்ப்பார்கள், பிள்ளைகள் பிஸ்கற் தூளை அதற்குள்தான் கொட்டுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டப்படி, 2027 பெப்ரவரியிலிருந்து மின்வாகனப் பற்றரிகளுக்கு, அவற்றின் விவரங்களைச் சொல்கிற ஒரு டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தகவல், கார் கப்பலேறி இன்னொரு நாட்டுக்கு வந்த பிறகும் அதோடு கூடவே வரவேண்டும். மகன் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான். அவன் காரின் படத்தைக் கீறுகிறபோது கண்ணுக்கு முன்னால் நிற்கிறவர் முதல் சொந்தக்காரர். நல்ல றோட்டில் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றுவிடுகிறவர். அதற்குப் பிறகுதான் அந்தக் காரின் நீண்ட ஆயுள் தொடங்குகிறது, அது எங்களோடு. இங்கே இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இப்பவும் வரி கட்டி வாங்குகிற நிலையில் எங்கள் ஸ்ராண்டில் ஒருவரும் இல்லை. மூன்றாம், நான்காம் கை மாறின ஹைபிரிட்களில்தான் இத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன. பற்றரி ஒன்று போனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சரி, மற்றவை சுருக்கமாக. ஸ்ராண்டில் எல்லோரையும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சின்ன 12 வோல்ற் பற்றரி. பெரிய பற்றரியில் நூறு வோல்ற்றுக்கு மேல் இருக்கும், ஆனால் இந்தச் சின்னது செத்தால் கார் விழிக்காது. டிக்கியும் மின்பூட்டு, ஆகவே டிக்கிக்குள் இருக்கிற பற்றரியை எடுக்கப் பின் சீற்றைத் தாண்டி ஊர்ந்து போகவேண்டும். ஹூண்டாய் அயோனிக் ஹைபிரிட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அமத்தினால் சின்னப் பற்றரி மறுபடி உயிர்பெற்றுக் காரைக் கிளப்பும். அப்படி ஒன்று எல்லோரும் வைக்கலாம்தானே?

கியர். 'B' என்ற எழுத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த வைத்தது. புதிதாக ஓட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பின்னுக்குப் போகிற கியர் என்றுதான் நினைக்கிறார்கள். ஒழுங்கைக்குள் ரிவேர்ஸ் எடுக்கிறபோது இது விளையாட்டல்ல.

பேச்சு. எங்கள் கார்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. ஒவ்வொரு காலையும் காரைக் கிளப்பினால் ஒரு பெண் குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று ஜப்பான் மொழியில் அறிவிக்கும். திரையின் மொழியை மாற்ற முடியாது. ஜப்பானில் எஃப்எம் வானொலி 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95ஓடு முடிந்துவிடும். எங்கள் நிலையங்கள் 108 வரை இருக்கின்றன, அலைவரிசை மாற்றுகிற ஒரு பெட்டி வாங்கிப் பூட்டினால்தான் செய்தி கேட்கலாம். மென்பொருளில் ஒரு வரி மாற்றினால் தீருகிற பிரச்சினை இது.

பற்றரியில் ஓடுகிறபோது சத்தம் இல்லாமை பற்றி எனக்கும் வாத்திக்கும் பெரிய வாக்குவாதம். அவனுக்கு அந்த அமைதி பிடிக்கும். எங்கள் ஒழுங்கைகளில் சைக்கிளில் போகிற வயதானவர்கள் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் வெட்டுகிறவர்கள், காதை நம்பித்தான் வெட்டுகிறார்கள். கண் தெரியாதவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஐரோப்பாவில் 2021 யூலையிலிருந்து எல்லாப் புதிய ஹைபிரிட்டும் 20 கிலோமீற்றர் வேகம் வரை ஒலி எழுப்பவேண்டும் என்று சட்டம். அது எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றும் கேட்கவேண்டும். 2022 உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு இரவும் தொலைபேசி எடுத்துக் கேட்டாயே. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் எங்களை வாழவைத்தது இந்த ஹைபிரிட்தான், அந்த நன்றி எனக்கு என்றைக்கும் இருக்கும். ஆனால் இரவில் அம்மா வியர்த்துக்கொண்டு கிடக்க, வாசலில் பற்றரியும் எஞ்சினும் சேர்ந்த ஒரு மின் நிலையமே சும்மா நின்றது. ஒரு விசிறி கொழுவ வழி இல்லை. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்தின்போது டொயோட்டா எஸ்டிமா ஹைபிரிட்டில் இருந்த 1500 வாற் பிளக் பொயின்ற் எத்தனையோ பேருக்கு உதவியது. 2021இல் வந்த அதே கம்பனியின் புதிய அக்குவா காரில் அந்தப் பிளக் பொயின்ற் ஏறக்குறைய எல்லாத் தரத்திலும் இருக்கிறது. ஆனால் அது 100 வோல்ற், எங்கள் வீட்டுச் சாமான் 230. இரண்டுக்கும் பொருந்துகிறமாதிரிச் செய்யச் சொல்லு. மின்வெட்டு ஜப்பானுக்கு மட்டும் வருகிறதில்லை.

இப்ப உடனடியாக ஒரு பதில் வேண்டும். கராஜில் மூன்று வழி சொல்கிறார்கள்: கெட்ட மொடியூலை மட்டும் எடுத்துப் பழைய மொடியூல் ஒன்று போடுவது, பிரித்துச் சேர்த்த முழுப் பெட்டி ஒன்று வாங்குவது, அல்லது கடன்பட்டுப் புதியது. ஒன்று மட்டும் மாற்றினால், வயதும் பலமும் ஒத்துவராமல் கொஞ்ச நாளில் பக்கத்து மொடியூல் போகும் என்று வாத்தி அடித்துச் சொல்கிறான். கராஜ் தம்பி, வோல்ற்றும் கொள்ளளவும் அளந்து பொருத்தினால் ஓடும் என்கிறான். மகனிடம் கேள்: அளந்து பொருத்தினால் உண்மையில் எவ்வளவு நம்பலாம்? எதை அளக்கச் சொல்லவேண்டும்? சனிக்கிழமைக்கு முன் தொலைபேசி எடு. அன்றைக்குத்தான் கராஜுக்கு முடிவு சொல்லவேண்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ஸ்ராண்டுக்காரன்