ஃபவுண்டன்ஸ் மடாலயத்துக்கு ஐம்பது நிமிடம் போதாது

இங்கிலாந்துக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் நானும் என் சித்தியும் வந்திருந்தோம். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இது ஒருவரோடு நிற்கிற பழக்கமும் அல்ல. யார்க்‌ஷயரில் உள்ள ஃபவுண்டன்ஸ் மடாலயத்துக்கு அன்று கிடைத்தது 50 நிமிடம். அதை மூன்று மணி நேரமாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சித்திக்கு 72 வயது, முழங்கால் வலி. வண்டி நின்ற இடம் மேட்டில். மடாலயம் ஆற்றோரப் பள்ளத்தில். கைத்தடியோடு இறங்கவே பாதி நேரம் போய்விட்டது. ஒருவழியாகச் சரக்கறைக்குள் நுழைந்தோம். ஏறத்தாழ 300 அடி நீளம். நடுவே வரிசையாகத் தூண்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கல் வளைவுகள் தென்னங்கீற்றுபோல விரிந்து கூரையைத் தாங்குகின்றன. சித்தி நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். "இதை எப்படிடா நிக்க வச்சாங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. எல்லோரும் ஏறியாச்சாம், நாங்கள்தான் பாக்கியாம்.

அவருக்கான பதில் அங்கேயே இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் பாறையை வெட்டித்தான் கட்டினார்கள். 1132-இல் யார்க்கிலிருந்து பிரிந்து வந்த 13 துறவிகள் தொடங்கிய இடம். 1539-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டதும் கூரை ஈயத்தை உரித்தார்கள். பக்கத்து மாளிகை கட்ட இங்கிருந்தே கல் போனது. கிழக்குக் கோடியில், ஒன்பது வழிபாட்டுப் பீடங்கள் இருந்த கூடத்தில், ஒரு சன்னலுக்கு மேல் விழுந்த விரிசலைத் தேவதை உருவம் செதுக்கிய கல்லால் மூடியிருக்கிறார்கள். அதைக் காட்டத்தான் சித்தியைக் கூட்டிப் போனேன். காட்ட முடியவில்லை.

அன்று மாலையே ஒரு கடை வளாகத்தில் இரண்டரை மணி நேரம் விட்டீர்கள். கோட்டையோ தேவாலயமோ, எங்கு போனாலும் வாசலில் ஒரு குழுப்படம், அப்புறம் வண்டி. வருடக்கணக்கில் பணம் சேர்த்து, விசாவுக்கு அலைந்து வருகிறவர்களை இப்படி விரட்டுவது நியாயமா?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து அங்கே மூன்று மணி நேரம் கொடுங்கள். முடிந்தால், நடக்க முடியாதவர்களை மடாலயத்துக்குக் கிட்டே உள்ள மேற்கு வாசலில் இறக்கிவிட முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். அப்படி ஒரு பயணம் போட்டால் சொல்லுங்கள், சித்தி மறுபடி வரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவன்