மாணவர் பக்கத்தில் வந்த அந்த அட்டவணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் "உன் எடை சரியா?" என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. முழுவதையும் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கணும், நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்றெல்லாம் இருந்தது, சரி. நடுவில் ஒரு வரி. "கொஞ்சம் வெட்கப்பட்டால்தான் வாய் கட்டுப்படும்." இதை எழுதியவர் பசித்த பிள்ளைக்கு ஒரு நாளாவது சோறு போட்டிருப்பாரா என்று மூன்று நாளாக மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் 35 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். திட்டத்தை ஆரம்பித்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1984ல் பதினைந்து வயது வரை உள்ளவர்களையும் சேர்த்தார்கள். அந்த வருஷம்தான் நான் வேலைக்கு வந்தேன். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வரியை அச்சாக விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

வெட்கம் பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்கு வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துபோனது. ஏழாவது படிக்கிற ஒரு பெண். "சோத்துக்கு வர்ற பிள்ளைங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மணி அடித்ததும் குழாயில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசைக்கு வரவே வராது. ஒரு நாள், "பாப்பா, பருப்பு கடையணும், ஒரு கை பிடி" என்று சமையலறைக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். கதவை ஒருக்களித்து வைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை சாப்பிட்ட வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒரு மாதம் பருப்பு கடைய அவள்தான் வந்தாள்.

இப்போது என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு, வயது 13. அவள் பள்ளியில் உயரமும் எடையும் எடுத்தார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் எடுத்ததை மொத்த வகுப்பும் இருக்கும்போது ஒவ்வொருவராகப் பேர் சொல்லி உரக்கப் படித்தார்களாம். இவளுக்கு 47 கிலோ. பின் பெஞ்சில் சிரிப்பு. அன்றிலிருந்து அவளுக்கு அந்த எண்தான் பேர்.

மதியச் சாப்பாட்டை அவள் நிறுத்தியது எங்களுக்கு இரண்டு வாரம் தெரியாது. மருமகள் காலை ஏழு மணிக்கே ஷூ கம்பெனி வண்டி ஏறிவிடுவாள், டிபன் கட்டிக் கொடுப்பது நான்தான். டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் 35 வருஷம் தட்டு கழுவுகிற இடத்தில் நின்றவளுக்கு, சாப்பிட்ட ஏனம் எது, கொட்டிய ஏனம் எது என்று பார்த்தாலே தெரியும். சாப்பிட்டதில் விரல் வழித்த கோடு இருக்கும். கொட்டியதில் ஓரத்துச் சோறு ஓரத்திலேயே அப்பியிருக்கும். அவள் டப்பாவில் ஒரு விரல் கோடு கூட இல்லை. கேட்டேன். "நாய்க்குப் போட்டுட்டேன் ஆயா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. உயரம் 148 சென்டிமீட்டருக்கு 47 கிலோ அவள் வயதுக்குச் சரியான அளவுதான் என்று டாக்டரம்மா அட்டவணையைத் திருப்பிக் காட்டிச் சொன்னார். பள்ளியில் உரக்கப் படித்த எண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ரத்தத்தில் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்கிறது. அந்தக் கட்டுரையில் ரத்தசோகை என்ற சொல் ஒரு இடத்திலாவது வருகிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை.

வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்களே, இரும்புச்சத்து மாத்திரை, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு பிசையும். மதியம் சாப்பிடாத பெண் மாத்திரையை எப்படிப் போடுவாள்? முதல் வாரம் வாந்தி எடுப்பாள், அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே எறிவாள். என் பேத்தி அப்படித்தான் செய்திருக்கிறாள். பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அட்டவணை என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டுரைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒன்று போட்டிருந்தீர்கள். கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 18.5க்குக் கீழே வந்தால் எடைக்குறைவு, 25க்கு மேலே போனால் அதிகம் என்று. அது பெரியவர்களுக்கான கணக்கு, ஐயா. வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அளவு. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரை அதற்கென்றே அட்டவணை வைத்திருக்கிறது. என் பேரனுக்குப் பத்து வயது, 135 சென்டிமீட்டர், 30 கிலோ. உங்கள் கட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான், 16.5 வந்திருக்கிறது. அந்த வயதுக்கு அது ரொம்பச் சாதாரணம். அவனோ "நான் நோஞ்சானா ஆயா?" என்று கேட்கிறான். ஒரே வீட்டில் அக்காவுக்குக் குண்டு என்று பயம், தம்பிக்கு ஒல்லி என்று பயம்.

அதே பக்கத்தின் கீழே சிவப்பழகு கிரீம் விளம்பரம். இரண்டு வருஷத்துக்கு முன்பே இதுபற்றி ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. வேலூர் வெயிலில் நடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளை கறுக்காமல் என்ன செய்யும்? தோலும் குறை, இடுப்பும் குறை என்று சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே ஆரோக்கியம் என்று எழுதினால் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

பள்ளி கேட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. எங்கள் ஊரில் கேட்டிலிருந்து பத்தடியில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஒரு 300 மில்லி கலர் பாட்டிலில் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது என்பதை எந்தக் கட்டுரையும் எழுதக் காணோம், வாங்கிக் குடித்த பிள்ளைக்குத்தான் வெட்கம் வர வேண்டும் என்கிறீர்கள். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கழிப்பறைக்குப் போகப் பயந்து பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எழுதியவர் ஒரு நாள் வந்து அந்தக் கழிப்பறையைப் பார்க்கட்டும்.

சொல்லிக் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தபோது, பாதிப் பிள்ளைகள் மஞ்சள் கருவைப் பிட்டு வைத்துவிடும். நாங்கள் யாரையும் திட்டவில்லை. கூட உட்கார்ந்து, மிளகுத்தூள் தூவித் தின்று காட்டினோம். இப்போது வாரத்துக்கு ஐந்து, தட்டில் மிச்சம் கிடையாது. பேத்திக்கும் அப்படித்தான் செய்கிறேன். ஆடியில் அம்மன் கோயில் கூழைக் கூட, "குடிச்சா குண்டாயிடுவேன்" என்று ஒதுக்கினவள். கேவுரு மாவில் முருங்கைக்கீரையைப் போட்டு அடை தட்டுகிறேன், அவளையே கீரை உருவச் சொல்கிறேன். கூடவே ஒரு நெல்லிக்காய், புளிப்பு சேர்ந்தால் கீரையின் இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும் என்றிருக்கிறேன். எடை பார்க்கும் பேச்சே வீட்டில் இல்லை. போன மாதம் ரத்தத்தில் 10.4 வந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த அட்டவணை பெரியவர்களுக்கானது, பிள்ளைகள் அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்று அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பள்ளியில் எடை எடுத்தால் தனியாக எடுத்து, பெற்றோரிடம் மட்டும் சொல்லும்படி ஆசிரியர்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டவணையில் "எடைக்குறைவு" என்ற இடத்தில் பேரன் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே பென்சிலில் 47 என்று எழுதி அடித்திருப்பது பேத்தி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.