கத்தரி வைக்கச் சம்மதித்தவர்களுக்கு

சேலத்தில் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும், ஏற்காட்டு மலைக் கிராமங்களில் எங்களோடு ஊசி பிடித்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

பழைய சேலைகளையும் வேட்டிகளையும் சேர்த்து, மிஷின் தொடாமல் கையாலேயே தைத்த போர்வைச் சித்திரங்களை ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாட்டியிருந்தோம். அந்தப் பனியிலும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து பார்த்தீர்கள், மனம் நிறையப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் வேறு பலருக்குச் சேர வேண்டியது. அவர்களில் நிறையப் பேர் "பேரெல்லாம் போட வேண்டாங்க" என்று சொல்லிவிட்டதால், தெருவையும் தொழிலையும் சொல்லியே நன்றி சொல்கிறேன். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

பழைய துணி கேட்டால் கொடுக்க நம் பக்கம் யாரும் தயங்குவதில்லை. தூளி கட்ட, பிள்ளைக்குக் கீழே விரிக்க என்று அம்மா சேலையும் பாட்டி சேலையும் வீடு விட்டு வீடு போய்க்கொண்டேதான் இருக்கும். வெட்டுவது வேறு. கட்டியவர் போய்ச் சேர்ந்தபின் பீரோவில் மடித்து வைத்திருக்கும் சேலையில் கத்தரி வைக்க யாருக்கு மனசு வரும்? "எடுத்துக்கோங்க" என்று எடுத்து நீட்டியவர்கள்கூட, "வெட்டவா போறீங்க?" என்று கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். அதன்பிறகும் "சரி" என்றீர்களே, அதற்காகத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாபேட்டை அக்கா, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் அம்மாவின் கூறைச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முதல் வெட்டு நான் வெட்டிடறேன், அப்புறம் உங்க பாடு" என்று என் கத்தரியை வாங்கி, இடுப்பில் சொருகும் உள்தலைப்பில் ஒரு சாண் அளவுக்கு வெட்டினீர்கள். அப்போதுதான் இருவரும் பார்த்தோம். வெயில் படாத உள்தலைப்பு நல்ல அரக்கு நிறத்திலேயே இருந்தது. முந்தானையோ செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. எங்கள் பெரிய போர்வையில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் செம்மண் சரிவுகள் முழுக்க அந்த ஒரே சேலைதான். நிழல் விழுந்த பக்கம் உள்தலைப்பு, வெயில் பக்கம் முந்தானை. ஹாலில் பலர் "இது எத்தனை சேலை?" என்று கேட்டார்கள். ஒன்றுதான் என்று நீங்களே பக்கத்தில் நின்று சொன்னதைக் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த பெருமைக்கு உங்களுக்கு இன்னொரு நன்றி.

செவ்வாய்ப்பேட்டையில் பழம்பட்டு வாங்கும் அண்ணனுக்கு. "பழைய பட்டுச்சேலை, ஜரிகைச்சேலை" என்று தெருவில் குரல் கொடுத்துப் போகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் காலத்து அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். கரையையும் முந்தானையையும் எரித்து உருக்கினால் வெள்ளி கிடைக்கும். சேலையின் உடலுக்கு அங்கே மதிப்பே கிடையாது. ஒரு நெசவாளி தறிக் குழிக்குள் காலை வைத்து நாள்கணக்கில் நெய்த துணி, கரை போனதும் குப்பைக்குச் சமம். அந்த அண்ணன் எங்களுக்காகக் கரையை மட்டும் ஓரமாக வெட்டிக்கொண்டு, உடல் துணியைக் கசங்காமல் சுருட்டி எடுத்து வைத்தார். காசு கொடுத்தால், "இதுக்கு என்னம்மா விலை போடறது" என்று பாதியைத் திருப்பித் தந்துவிடுவார். உருக்கினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்று ஒதுக்கிய கறுத்த ஜரிகைத் துண்டுகளையும் கொடுத்தார். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் மலை விளிம்பில் நின்று இரவில் சேலத்தைப் பார்க்கும் போர்வையில் மினுங்கும் தெருவிளக்குகள் அவைதான். பாலிஷ் போட்டால் இன்னும் பளபளக்குமே என்றார்கள். நான் போடவில்லை. தேய்த்தால் மேலிருக்கும் முலாமும் போய்விடும். தவிர, கறுத்த ஜரிகையில் ஆங்காங்கே தெரியும் வெள்ளிதான் தூரத்து விளக்குக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

குகையில் தறி போட்டிருக்கும் பெரியவரிடம் நான் பட்ட கடன் பெரிது. துணியைக் கொண்டு போய் வைத்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். "எது நீளத்துல ஓடற பாவு, எது குறுக்கே ஓடற ஊடைன்னு பாரு கண்ணு. பாவுக்கு முறுக்கு ஜாஸ்தி, தாங்கும். ஊடையை நம்பி இழுக்காதே" என்பார். கோர்வை போட்ட, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோத்த சேலையில், அவை இரண்டும் சேரும் இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும், அந்த இடத்தை ஒருபோதும் நடுவில் வைத்துத் தைக்காதே என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். நம் ஊர் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது தெரியும். அந்த வெண்மை அப்படியே இருப்பதில்லை என்பதைப் பழைய வேட்டிகளைத் தொட்டபிறகுதான் கவனித்தேன். ஒன்று பால் நிறம், ஒன்று தந்த நிறம், ஒன்று வெளிறிய சந்தனம். யாரோ ஒருவர் பிளீச்சிங் போட்டு வெளுக்கச் சொன்னார். பெரியவர் பதறிவிட்டார். பருத்தி கொஞ்சம் பொறுக்கும், பட்டை அந்த மருந்து அரித்தே விடும். அவர் தடுத்ததால்தான் எங்கள் பனிமூட்டத்துக்கு இத்தனை வெள்ளை கிடைத்தது. கீழே கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் கரடுகளும் அதே வேட்டிகள்தான்.

சாயப்பட்டறைத் தம்பிக்கும், 1960-இல் சேலத்தில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து வந்த இன்னொரு தம்பிக்கும். முதல் தம்பி, நனைத்த வெள்ளைத் துணியைச் சேலை ஓரத்தில் அழுத்தி எடுத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தபிறகே தண்ணீரில் போட விடுவார். பூந்திக்கொட்டை நுரையில் அலசி, பிழியாமல், கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து அதன்மேல் நிழலில் உலர்த்தும் முறையும் அவர் சொன்னதே. அடுத்தவர், நாலு இழையை உருவி நெருப்பில் காட்டி, முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது செயற்கைப் பட்டு என்று பிரித்துக் கொடுத்தார். பட்டு மாதிரியே இருக்கும் இளம்பிள்ளைச் சேலைகளையும் அசல் பட்டையும் கையால் தடவியே சொல்லிவிடுவேன் என்று இருந்த எங்கள் அக்காமார் எல்லோரும் அன்று ஆளுக்கொரு தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கையால்தான் தைக்க வேண்டுமா என்று வந்தவர்களில் பலர் கேட்டதால் இதைச் சொல்லிவிடுகிறேன். பழம்பட்டில் மிஷின் ஊசி ஒரே கோட்டில், ஒரே நெருக்கத்தில் குத்திக்கொண்டே போகும். தபால்தலைத் தாளில் போட்ட துளைகள் மாதிரி அந்தக் கோட்டிலேயே துணி கிழிந்து வந்துவிடும். கை என்றால் துணி எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே ஊசியைத் தள்ளிக் குத்தலாம், நூலைத் தளர்த்திவிடலாம். மடிப்பில் வெடித்துப்போன இடத்தை நாங்கள் எப்படிச் சரிசெய்கிறோம் என்றால், அடியில் மெல்லிய மல் துணி ஒன்றைப் பாவுக்கு நேராக வைப்போம். அதே சேலையின் வெட்டிய ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, வெடிப்புக்குக் குறுக்கே படுக்க வைப்போம். அந்த இழையின்மேல் கடுகளவு தையல்கள், இடைவெளி விட்டு. வெடிப்பின் விளிம்பில் ஊசி படக் கூடாது. நல்ல துணி இருக்கும் இடம்வரை தள்ளிப்போய்த்தான் குத்த வேண்டும். ஒரு விரல் நீள வெடிப்புக்கு ஒரு பகல் போய்விடும். முடிந்தபின் தூரத்திலிருந்து பார்த்தால் கிழிந்தது தெரியாது, கிட்டே வந்து பார்த்தால் தெரியும். தெரியட்டும் என்றுதான் விட்டோம்.

இந்த வேகத்தில் வேலை செய்ய எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தவர்கள் மலைக் கிராமத்துச் சகோதரிகள். காப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்தபின், எஸ்டேட் வேலை குறைந்த நாட்களில் திண்ணைக்குத் திண்ணை வட்டம் கட்டி உட்கார்ந்தோம். நான் சொல்லிக் கொடுத்தது ஓட்டுத் தையல் ஒன்றுதான், அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததே. எட்டு முழம் வேட்டியின் கிழிசலையும் கம்பளியின் ஓட்டையையும் காலமெல்லாம் தைத்த கைகள். ஒருவர் கை நெல்மணி அளவில் நெருக்கிக் குத்தும், ஒருவர் கை தாராளமாக ஓடும். போர்வையைப் பார்த்தே இது யார் பங்கு என்று சொல்லிவிடலாம். ஒரே மாதிரி வரவில்லையே என்று அவர்கள் வருத்தப்பட்டபோது என் மகள் போனில் படங்களைக் காட்டினாள். வங்காளத்துப் பாட்டிமார் பழைய சேலை, வேட்டியை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்த காந்தாக்கள். ஆப்பிரிக்க வழி வந்து உத்தர கன்னடக் காடுகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வைகள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள், நாலு மூலையிலும் மடித்த துணிப்பூ வைக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டவை. எதிலுமே கோடு நேராக இல்லை. "அவங்களும் நம்மள மாதிரிதான் குத்தியிருக்காங்க" என்று ஒரு சகோதரி சொன்னார். அதன்பின் யாரும் தையலைப் பிரித்து மறுபடி தைக்கவில்லை. மூலைத் துணிப்பூவை நம் போர்வைக்கும் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவரே.

சுருக்கமாகச் சொல்ல வேண்டிய நன்றிகளும் உண்டு, மதிப்பில் சுருக்கமல்ல. துணி மூட்டையை இடம் பார்த்து நனையாமல் வைத்துக் கொடுத்த ஏற்காடு பஸ் கண்டக்டருக்கு. தன் அப்பா காலத்துப் பித்தளை அங்குஸ்தானை, ஊசி குத்தாமல் காக்கும் விரல் தொப்பியை, என் விரலில் மாட்டிவிட்ட தையற்கடைப் பாய்க்கு. கத்தரிக்குச் சாணை பிடித்துவிட்டு ஒரு டீயோடு போதும் என்றவருக்கு. போர்வையின் முதுகில் குழாய் போலத் துணி தைத்து, அதில் கட்டையைச் செருகினால் பாரம் ஒரே இடத்தில் இழுக்காது என்று சொல்லி, சில்வர் ஓக் கட்டைகளை இழைத்துக் கொடுத்த ஆசாரிக்கு. மரத்தின் புளிப்பு, அதாவது அமிலம், துணியில் இறங்காமல் இருக்கக் கட்டைக்குப் பருத்திச் சுற்று போட்டது எங்கள் மாமியார். கண் சரியாகத் தெரியாத வயதில், தடவிப் பார்த்தே அதைச் செய்து முடித்தார்கள்.

விலை கேட்டவர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நீங்கள் நம்பிக் கொடுத்த சேலைகளில் தைத்த எதையும் விற்க மாட்டோம். பழம்பட்டுக்காரர் அண்ணனிடம் வாங்கிய துணியில் தைத்த சிறிய போர்வைகள் மட்டும் விற்றன. அந்தப் பணம் தைத்தவர்களுக்குச் சரிசமமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய மலைப் போர்வை, சேலை தந்த வீடுகளில் கேட்கிறவர்கள் வீட்டில் முறை வைத்து இருக்கும். சீமந்தமோ காதுகுத்தோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கொண்டு வந்து மாட்டித் தருகிறோம்.

வெட்டியது போக மிச்சம் இருக்கும் துணிகளை வீட்டுக்கு ஒரு பையாக, அடையாளச் சீட்டு தைத்து வைத்திருக்கிறேன். சிறு துண்டானாலும் உங்களுடையது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பீரோவில் இன்னும் இருக்கும் ஜரிகைச் சேலைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிட்டு மல் துணியிலோ பழைய வேட்டியிலோ சுற்றி வையுங்கள். அந்துருண்டை சேலைமேல் நேராகப் படவேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாபேட்டை அக்கா, உங்கள் பையில் அந்த உள்தலைப்பில் ஒரு முழம் இருக்கிறது, பேத்தியின் தூளிக்கு ஓரம் கட்ட ஆகும்.

நன்றியுடன்,
பொன்னம்மாபேட்டைத் தையல் வட்டத்தின் சார்பில்,
உங்கள் தங்கை