தேனிக்காரன் அம்மாவுக்கு என்ன சொல்வது, மச்சான்?

அன்புள்ள மச்சான்,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ வாக்கர் இல்லாமல் நடக்கிறாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. உன்னிடமே பேசியிருக்கலாம், ஆனால் எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதும் பாதிதான், நீ ஒன்று சொல்ல நான் ஒன்று கேட்டுக்கொள்வேன். தவிர இந்த விஷயத்தை எழுதினால்தான் என்னால் சொல்ல முடியும்.

இங்கே எல்லாரும் சுகம். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. மாதம் ஒரு தடவை கேன்டீன், அப்புறம் சர்க்கரை மாத்திரைக்கு இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் ராணுவத்தார் மருத்துவமனை, மீதி நேரமெல்லாம் நிலத்தில்தான். இந்த வருஷம் அரை ஏக்கர் வேர்க்கடலை போட்டிருக்கிறேன். ஊரில் எனக்கு இன்றைக்கும் பெயர் 'மிலிட்டரி'. கார்கிலுக்குப் போய்வந்தவரைச் சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள், நல்ல விஷயம், பிள்ளைகள் கேட்கட்டும். நான் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவன், யாழ்ப்பாணம் என்றால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

1990 மார்ச்சில் திருகோணமலையில் கப்பல் ஏறி வந்து மெட்ராஸில் இறங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் வரைக்கும் நீயும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயிலில் எதிர் சீட்டுப் பெரியவர் எங்கிருந்து வருகிறாய் தம்பி என்று கேட்டதற்கு நான் பெங்களூர் என்று பொய் சொன்னேன். அமைதிப்படைமேல் நம் ஊர் சனங்களுக்கு இருந்த கோபத்தைத் தப்பென்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. நம் ஆட்கள் 1,100 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள், சண்டையில் எந்தப் பக்கமும் சேராத அந்த ஊர் சனங்களும் செத்தார்கள், இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், நம்மோடு இருந்து யாழ்ப்பாணத்தில் செத்துப்போன தேனிக்காரனுடைய தம்பி கூப்பிட்டான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்களாம். நினைவு நன்றாகவே இருக்கிறது, 'அவன்கூட இருந்த ரெண்டு பிள்ளைகளையும் பார்க்கணும்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்களாம். அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆகி நாம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான தளத்தில் இறங்கியபோது அந்த சனங்கள் மாலை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், நம் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை வெடித்தது. வடக்கத்திக் காலாட்படையோடு நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படை ஆட்களைச் சேர்த்துவிட்டார்கள், முன்னால் போய்க் கண்ணிவெடி பார்க்க. மண்ணில் புதைத்த வெடியிலிருந்து வேலி ஓரமாகப் போகும் வயரைத் தேடித்தான் பாதி நாள் போகும். மீதி வேலை, தமிழ் தெரிந்தவன் என்பதால், வீடு வீடாகச் சோதனை போடும்போது மொழிபெயர்ப்பது. 'தம்பி, இவர்கள் என்ன சொல்கிறார்கள் கேள்' என்பார் கம்பெனி கமாண்டர். சாப்பர்ஸ் எல்லாருக்குமே ராணுவத்தில் தம்பி என்றுதான் பெயர். அங்கே அந்த வார்த்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து காதில் விழும்.

உரும்பிராய்ப் பக்கம் செம்மண் ஒழுங்கை, நம் ஊர் சந்து மாதிரி, இரண்டு பக்கமும் கிடுகு வேலி. அன்று காலை ஒரு வீட்டில் ஐம்பது வயது அம்மா ஒருத்தி முற்றத்தில் நின்றார். உள்ளே அலமாரி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. பையன்கள் எங்கே என்று கேட்கச் சொன்னார் கமாண்டர். நான் கேட்டேன். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. 'உன்ர தாய் உன்னை இதுக்கோ பெத்தவள்?' என்றார். நான் திரும்பி, 'எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார், சாப்' என்று இந்தியில் சொன்னேன். அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் மாற்றிச் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்த வார்த்தையை என் வாயால் இன்னொரு தடவை சொல்லத் தைரியம் இல்லை.

ஒழுங்கை முனையில் வெடித்தபோது நீ பின்னால் லாரிப் பக்கம் இருந்தாய். என் காது போனது அதில்தான். தேனிக்காரனுக்கு வயிற்றில். அவனை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது அதே வீட்டு முற்றத்தில். தண்ணி, தண்ணி என்றான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்சிங் அசிஸ்டெண்ட் கத்தினான், அவன் சொன்னது சரிதான், நமக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கிணறு பத்தடி தூரத்தில். அந்த அம்மா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தார், மச்சான். காலையில் என்னை அப்படிக் கேட்டவர். 'குடுங்கோ தம்பி, பிள்ளை தவிக்குது' என்றார். நான் கையை நீட்டி மறித்தேன். அவர் செம்பை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஹெலிகாப்டர் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

1988-இல் லீவில் நான் மட்டும் தேனிக்குப் போனேன். அவன் அம்மா அழவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், கடைசியில் தண்ணி குடிச்சானாப்பா என்று. குடிச்சான்மா, நான்தான் கொடுத்தேன் என்றேன். அவர்கள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கையோடு நான் 37 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன்.

போன வருஷம் பையன் டெல்லிக்குக் கூட்டிப்போனான். 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடம், தியாக சக்கரத்தில் வட்டவட்டமாகச் சுவர், ஒவ்வொரு கிரானைட் கல்லிலும் ஒரு பெயர். தேனிக்காரன் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பக்கம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு மார்பளவுச் சிலையும் இருக்கிறது, 1987 நவம்பர் 25 ராத்திரி மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சண்டை போட்டாரே, அவர். பையன் என்னைக் கேட்டான், 'இவங்களை எல்லாம் உனக்குத் தெரியுமாப்பா?' என்று. கல்லில் இருந்த அவன் பெயர்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன், பதில் சொல்ல வரவில்லை. அவனிடம்கூட இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. ராத்திரியில் தூக்கத்தில் கையை நீட்டுகிறேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனபோது இன்னொன்று நடந்தது. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த ஒரு பெண், 'ஐயா, இதை நிரப்பித் தாறீங்களோ' என்று படிவத்தை நீட்டினாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் என் கை நடுங்கிவிட்டது. எந்த ஊரம்மா என்று கேட்டேன். கோப்பாய் என்றாள். நான் அங்கே இருந்திருக்கிறேன் என்றேன், எப்படி இருந்தேன் என்பதையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்ப நான் சின்னப்பிள்ளை' என்றாள். படிவத்தைத் திருப்பி வாங்கவில்லை. நிரப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து தேனி அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. முழு உண்மை என்றால் அந்தச் செம்பும் சேர்த்து. யாரோ ஒரு தாய் அவனுக்காகத் தண்ணீர் எடுத்து வந்தாள் என்பது அவன் அம்மாவுக்குத் தெரியவே தெரியாதே. அதை மறைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் படுக்கையில் கிடக்கிறவர்களிடம் போய் உங்கள் பிள்ளை தாகத்தோடு போனான் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. நீ அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், நீ சொல்.

காட்பாடியில் ஏறினால் தேனிக்கே நேராகப் போகிற ரயில் இருக்கிறது. டாக்டர் படி ஏறலாம் என்று சொன்னால் மட்டும் நீ மதுரைக்கு வந்து நில், பெட்டி நம்பரை உன் மகள் போனுக்கு அனுப்புகிறேன். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் மூன்று பேரும் எடுத்த போட்டோ உன்னிடம் இருந்தால் எடுத்து வா, என்னிடம் இருந்தது வெள்ளத்தில் போய்விட்டது.

உன்,
வேலூரான்