வட்டி விலகினால் போதுமா?

ஐயா,

வட்டியில்லா வங்கிகளின் எண்ணிக்கை கூடுவதையே இஸ்லாமியப் பொருளாதாரத்தின் வெற்றியாகப் பலர் கருதுகிறார்கள். ஏழை நாடுகளில் அந்த வங்கிகளின் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1963-இல் எகிப்தின் மித் கம்ர் நகரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, எளிய மக்களின் சிறுசேமிப்பைத் திரட்டி, லாப நஷ்டத்தில் பங்கேற்று, உள்ளூர்த் தொழில்களுக்கே முதலாக்கியது. அது நீடிக்கவில்லை. பின்னர் வந்த வங்கிகளோ பெரும்பாலும் முராபஹா என்னும் விற்பனை முறையையே நம்பி நிற்கின்றன. நெசவாளர் ஒருவருக்குத் தறி தேவையென்றால், வங்கி அதை வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து, அவருக்கே தவணைக்கு விற்கிறது. மார்க்க விதிப்படி இது செல்லும். ஆனால் ஈடு காட்டச் சொத்தில்லாதவர் இங்கும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. தொழில் நொடித்தாலும் தவணைச் சுமை அவர் தலையில்தான். நஷ்டத்தையும் பகிரும் முஷாரகா, முதாரபா முறைகளை வங்கிகள் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு: சிறு வணிகர்களிடம் ஒழுங்கான கணக்கேடு இல்லை, ஏமாற்றப்பட்டால் விரைவில் தீர்ப்பளிக்கும் நீதிமன்றமும் இல்லை.

வசதியுள்ள முஸ்லிம்கள் ஏழைகளுக்காகக் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஸகாத்தின் நிலையும் நம்பிக்கையைப் பொறுத்ததுதான். பாகிஸ்தானில் 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரமளான் முதல் நாளில் சேமிப்புக் கணக்குகளிலிருந்து 2.5 சதவீதம் பிடிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே பணத்தை எடுத்துவிடுவது பலருக்கு வழக்கமாயிற்று. கொடுக்க மனமில்லாதவர்கள் மட்டுமல்ல, அரசின் கையில் கொடுக்க விரும்பாமல் தாங்களே ஏழைகளுக்கு வழங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே நாட்டில் 2001-இல் லாகூரில் தொடங்கிய அகுவத் அமைப்பு, சொத்து ஈடு கேட்காமல், அறிந்தவர்களின் பிணையின் பேரில், பல வேளைகளில் பள்ளிவாசலில் வைத்தே, வட்டியில்லாக் கடனை வழங்கிப் பெருமளவில் வளர்ந்திருக்கிறது. மக்கள் கண்முன் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு இருக்கும் வலிமை இது.

ஆகவே, இந்நாடுகளின் மத்திய வங்கிகள், இஸ்லாமிய வங்கிகள் வழங்கும் நிதியில் ஒரு பகுதியையாவது பங்கேற்பு முறையில் சிறுதொழில்களுக்கு ஒதுக்க விதி செய்ய வேண்டும். ஸகாத் நிதியின் வரவு செலவை ஊர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவதையும் அரசுகள் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்