அது உன் முதல் ரைடு இல்லக்கா

அக்கா,

நீ மகாபலிபுரம் போன போட்டோவ நேத்து பார்த்தேன். ஹெல்மெட், கியர் சைக்கிள், பின்னாடி சவுக்குத் தோப்பு. நல்லா இருந்துச்சு. கீழ 'கடலோரமா என் முதல் சைக்கிள் ரைடு'ன்னு போட்டிருந்த பாரு, அதத்தான் என்னால தாண்டிப் போக முடியல. ஃபோன்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடுவ. அதான் எழுதறேன்.

2009. ப்ளஸ் ஒன்ல உனக்கு கவர்மென்ட் குடுத்த சைக்கிள். நீ மிதிக்க, நான் கேரியர்ல. காசிமேட்டுலேர்ந்து எண்ணூர். அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்பினோம்னு இங்க எழுத மாட்டேன், அத்தை படிப்பாங்க.

எர்ணாவூர்கிட்ட செயின் கழண்டுச்சே. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது. ரெண்டு லாரிக்கு நடுவுல ஒரு டிரைவர் பம்ப் ஸ்டவ்வுல குழம்பு வெச்சுக்கிட்டிருந்தார். நீ குச்சியால செயினத் தூக்கி, பல்சக்கரத்துல ஒரு கண்ணிய மாட்டி, பெடல மெதுவா கையால சுத்தின. மணிக்கட்டு வரைக்கும் கிரீஸ். அவர் ஒண்ணும் கேக்காம மண்ணெண்ணெய்ல நனைச்ச வேஸ்ட் துணிய நீட்டினார். கைய தொடைச்சுக்கிட்டே, கரையில கொட்டியிருந்த பாறைங்களக் காட்டி எனக்குப் பாடம் எடுத்த. கடல் மணல தெற்குலேர்ந்து வடக்கால தள்ளிக்கிட்டே இருக்குமாம். ஹார்பர் சுவர் குறுக்க நின்னதும் அந்த மணலெல்லாம் மெரினா பக்கம் தேங்கிடுச்சாம். நம்ம பக்கம் வீடு வீடா கடல் எடுத்துக்கிச்சாம். "அவங்களுக்கு பீச்சு, நமக்குப் பாறாங்கல்லு"ன்ன. எவ்ளோ கோவம் உனக்கு அன்னிக்கு! எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

முகத்துவாரத்துல இடுப்பளவு தண்ணியில பொம்பளைங்க இறால் போடற பறிக் கூடையப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்தத் தடவித் தடவி இறால் பிடிச்சாங்க. பின்னாடி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. அதையும் 2017-ல மூடிட்டாங்க, தெரியுமா? எங்க தெரியப்போகுது. திருவான்மியூர்லேர்ந்து இங்க வர லாரி டிராபிக்கு தடுக்குது. மகாபலிபுரத்துக்குன்னா விடியக்காலை நாலரைக்கு எழுந்திருக்க முடியுது.

மாமா படிச்சா தப்பா எடுத்துக்க வேணாம். அவரச் சொல்லல. அம்மா படுத்திருந்த மாசங்கள்ல யார் வந்தாங்க, யார் வரலன்னு நான் கணக்குப் போடல. போட்டாலும் இங்க எழுத மாட்டேன்.

இன்னொண்ணு. அந்த சைக்கிள எதிர் வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். உன்னக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா "அது இன்னுமாடா இருக்கு?"ன்னிருப்ப, அதக் காதால கேக்க வேணாம்னுதான் கேக்கல. மாடிப்படிக்குக் கீழ துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, டயர் ரெண்டும் வெடிச்சுப்போச்சு. இல்ல, இதெல்லாம் சாக்கு. நீ வந்து கேப்பன்னு ரொம்ப வருஷம் வெச்சிருந்தேன், அவ்ளோதான்.

போஸ்ட்ட எடுக்கச் சொல்லல. 'முதல்'ங்கறத மட்டும் எடுத்துடு. மத்தத அம்மா திதிக்கு வர்றப்ப மொட்டை மாடியில வெச்சுப் பேசிக்கலாம், சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம்.

தம்பி